அச்சில் வைத்த சந்தனம்

ஆயுத பூஜையன்று எங்கள் லேபில் எதற்கு வேண்டுமானாலும் சந்தனம் குங்குமம் வைக்கலாம். மைக்ராஸ்கோப்புக்கு வைக்கலாம், ஓவனுக்கு வைக்கலாம், ஓடாமல் மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டருக்குக்கூட வைக்கலாம். ஒரே ஒரு சாமானுக்கு மட்டும் வைக்க விடமாட்டேன். அரியலூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறவள் நான். என் மாணவிகளுக்கு இந்தக் கெடுபிடி புரிவதில்லை. இந்த வருஷம் ஒருத்தி கேட்டேவிட்டாள்: "ஏன் மேடம், அந்தப் பித்தளைத் தகடு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

சுண்டலைத் தின்றுவிட்டுப் போ என்று அவளை விரட்டிவிட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது, சொல்லியிருக்கலாமே என்றிருந்தது. சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய கதைதான். ஆனால் நடுவில் ஓரிடத்தில் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். கடைசியில் ஓரிடத்தில் கண் நிறைந்துவிடும். மாணவிகள் முன்னால் அந்த ரெண்டையும் வைத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

இது என் சிநேகிதியின் கதை. நானும் அவளும் ஒரே நாளில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். பெரம்பலூரில் ஒரு கல்லூரி. கட்டடத்தின் பின்பக்கம், கேன்டீன் தாளிப்பு வாசம் நேராக வந்து சேரும் இடத்தில் எங்கள் லேப். நான் தினமும் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். சுண்ணாம்புக்கல் லாரிக்கும் சிமென்ட் லாரிக்கும் பின்னாலேயே ஊர்ந்து வந்து இறங்கும்போது என் தலை பாதி நரைத்திருக்கும். "வந்துட்டியா கெழவி" என்று வாசலிலேயே மறித்து, என் தலையையும் தோளையும் தட்டிவிட்ட பிறகுதான் அவள் உள்ளே விடுவாள். எங்கள் வேலைக்குத் தூசி ஆகாது.

அவள் ஹாஸ்டலில் இருந்தாள். ஊர் உடையார்பாளையம். வீட்டில் கொஞ்சம் முந்திரித் தோப்பு, சில கறவை மாடுகள். அவளுடைய அப்பா காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். பாலில் தண்ணீர் கலக்காதவர் என்று ஊரில் பேர் எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவர் எடுத்திருந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் இவளுக்குக் கழுத்து ஒரு விரற்கடை நீளும். "உங்க வூட்டு மாடு தண்ணியே குடிக்காதாடி?" என்று நான் சீண்டுவேன். "அது குடிக்கும், நாங்க ஊத்த மாட்டோம்" என்பாள் பட்டென்று.

அந்தப் பால்தான் அவளை இந்த ஆராய்ச்சிக்கே கொண்டுவந்தது. பால் ஒரு கூழ்மம். பார்க்க ஒரே வெள்ளையாக இருக்கும். உள்ளே பார்த்தால் தண்ணீரில் கரையாமலும் அடியில் படியாமலும் கோடிக்கணக்கில் பொடிப்பொடித் துகள்கள் அலைந்துகொண்டிருக்கும். பெயிண்டும் அப்படித்தான். இதுபோன்ற கெட்டியான ஒரு கூழ்மத்தை, தலைமயிர் பருமனே உள்ள ஒரு கால்வாய்க்குள் தள்ளினால் அது எப்படி ஓடும் என்பதுதான் அவள் கேள்வி. பாலைவிட ஒழுங்கான துகள் வேண்டும் என்பதற்காக, ஒரே அளவில் இருக்கும் பிளாஸ்டிக் உருண்டைகளைத் தண்ணீரில் கலந்து வைத்திருப்பாள். அதுவும் பால் மாதிரியேதான் இருக்கும். என் ஆராய்ச்சி வேறு. ஆனால் லேபுக்கு ஒரே மைக்ராஸ்கோப் என்பதால், அவள் வேலையில் பாதியை நானும் பார்த்தேன், என் வேலையில் பாதியை அவளும் பார்த்தாள்.

எங்கள் இருவருக்கும் ஆராய்ச்சி வழிகாட்டியான சார் வரதராஜன்பேட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கர். வீட்டில் யாரைத் தொட்டாலும் வாத்தியார்தான். எங்களிடம் பிரியமாக இருக்கும்வரை "வாம்மா, போம்மா" என்பார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "வாங்க மேடம், உக்காருங்க" என்றால் தொலைந்தோம் என்று அர்த்தம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் இருவருக்கும் தனித்தனி டப்பாவில் கேக் வரும். அதை லேபுக்குள் பிரிக்கக் கூடாது, துகள் பறக்கும்.

அந்த லேபில் அவருடைய உயிர் ஒரு பித்தளைத் தகட்டில் இருந்தது. உள்ளங்கை அகலம்தான்; இப்போது என் லேபில் இருப்பதும் அதேபோல ஒன்றுதான். அதன் மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய வரப்புகள் ஓடும். அந்தத் தகட்டின் மேல் திரவ ரப்பரை ஊற்றி, ஓவனில் வைத்து எடுத்து, ஆறியதும் தோலுரிப்பது போல உரித்தால், வரப்பு இருந்த இடமெல்லாம் ரப்பரில் வாய்க்காலாக இறங்கியிருக்கும். அதைக் கண்ணாடிச் சில்லின் மேல் கவிழ்த்து ஒட்டினால் எங்கள் கால்வாய் தயார். தகட்டை நாங்கள் அச்சு என்போம். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் பக்கத்திலேயே நின்று செய்து வாங்கி வந்ததாகச் சார் சொல்வார். அது வெள்ளைத் துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள், அவருடைய இரும்பு அலமாரியில் இருக்கும். சாவி அவருடைய சட்டைப் பையில், சின்னச் சிலுவை கோத்த வளையத்தில். ரப்பர் ஊற்ற வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும். அவரே எடுத்துக் கொடுப்பார், உரிக்கும்வரை சுற்றிச் சுற்றி வருவார், ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததும் அவரே வாங்கிப் பூட்டுவார். பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர்கூட அவ்வளவு தவிக்க மாட்டார்.

அவளுடைய முதல் முடிவுகள் அழகாக வந்தன. அழகு என்று நான் சும்மா சொல்லவில்லை. கெட்டியான அந்தக் கூழ்மம் கால்வாய்க்குள் ஒட்டுமொத்தமாக வழுக்கிக்கொண்டு போகும். சுவரோரம் மெல்லிசாகத் தண்ணீர் மட்டும் நின்று, அதன் மேல் துகள் கூட்டம் முழுவதும் சறுக்கிப் போகும். வீடியோவில் பார்த்தால், அதிகாலையில் ஹைவேயில் போகும் பஸ்போல ஒரே சீராக இருக்கும். சார் அதைத் தன் போனில் வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டினார்.

அந்த வருஷ ஆயுத பூஜை வந்தது. எங்கள் துறையில் பூஜை அமர்க்களப்படும். முதல் நாளே எல்லாவற்றையும் துடைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, பன்னீரில் சந்தனம் குழைத்து, ஒரு மெஷின் விடாமல் பொட்டு வைத்தோம். சார் கும்பிட மாட்டார். ஆனால் ஷூவைக் கழற்றிவிட்டு, சூடம் அணையும்வரை கைகட்டி நிற்பார். புள்ளைங்க கும்பிடுற இடத்துல நாமும் மரியாதையா நிக்கணும் என்பார். அன்றும் நின்றார்.

"எல்லாத்துக்கும் வச்சாச்சா?" என்று கேட்டார்.

"வச்சாச்சு சார்."

"ஒன்னும் விட்டுப் போவலையே?"

"ஒன்னும் விடலை சார்" என்று சொல்லிவிட்டு, பொரி கடலைத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மற்றத் துறைகளுக்குக் கொடுக்கக் கிளம்பிவிட்டோம். திரும்பிப் பார்த்தபோது அவர் பொட்டு வைத்த மெஷின்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அறையில் வேறு யாரும் இல்லை.

விஜயதசமியன்று புதிதாக ஒரு கால்வாய் வார்க்க வேண்டும் என்பது நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். சார் அச்சை எடுத்துக் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. ஊற்றினோம், உரித்தோம், ஒட்டினோம். அவள் கூழ்மத்தை உள்ளே விட்டாள். அது கொஞ்ச தூரம் போய் நின்றது. பிறகு ஒரு குதி குதித்து ஓடியது. மறுபடி நின்றது. புது மருமகன் மாதிரி முறுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கால்வாயில் கோளாறு என்றால் சரி என்று விடலாம். அடுத்தடுத்து வார்த்த எல்லாவற்றிலும் அதே சண்டித்தனம்.

டியூபை மாற்றினாள். சிரிஞ்சை மாற்றினாள். உருண்டைகளைப் புது பாட்டிலிலிருந்து எடுத்துக் கலந்தாள். பம்பைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. பழைய கால்வாயில் ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், ஒருமுறை பயன்படுத்தினதைக் குப்பையில் போட்டுவிடுவதுதான் எங்கள் பழக்கம். துகள் ஒட்டிக்கொண்டால் மறுபடி உதவாது. ஆக, பழைய முடிவுகளுக்குச் சாட்சி என்று இருந்தது அந்த வீடியோக்கள் மட்டும்தான்.

ஒரு நாள் சார் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"உக்காருங்க மேடம்" என்றார். போனில் அந்தப் பழைய வீடியோவை ஓடவிட்டு மேஜைமேல் வைத்தார். "கெட்டியான கூழ்மம் இப்படி ஓடாது. இப்ப ஓட மாட்டேங்குதுல்ல, அதுதான் நெசம். அப்ப இது எப்படி ஓடுச்சு?"

"அப்ப ஓடுச்சு சார்" என்றாள்.

"ரிவ்யூவுல அழகா இருக்கணும்னு தண்ணி கலந்தீங்களா? பால்காரன் ஊத்துற மாதிரி?"

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்குக் கீழே அவள் என் கையை நகம் பதிய அழுத்தினாள். "இல்லை சார்" என்று மட்டும் சொன்னாள்.

"பொங்கல் கழிச்சு கமிட்டி கூடுது. பழசுக்கும் புதுசுக்கும் ஒரு பதிலோட வாங்க. பதில் இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கையெழுத்து இல்லையென்றால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு உடையார்பாளையத்துக்குப் போக வேண்டியதுதான். ஆராய்ச்சி அதோடு சரி. அது போனால்கூடப் பரவாயில்லை என்றிருப்பாள். பொய்க்காரி என்ற பேரோடு போக வேண்டும் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதுவும் அந்தப் பொய். உலகத்தில் எத்தனையோ திட்டு இருக்கிறது. திட்டுகிற மனுஷன், அவள் அப்பா யார் என்று தெரியாமலேயே, தேடி எடுத்த மாதிரி அதைத்தான் எடுத்தார். இந்த இடத்தில்தான் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும் என்றேன்.

அவள் அழவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. சிரிஞ்சில் கூழ்மத்தை நிரப்பப் போகும்போதெல்லாம், "ஏய், இங்க வா, பாத்துக்க" என்று என்னைக் கூப்பிடுவாள். நான் வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் பாட்டில் மூடியைத் திறப்பாள். நான் டீ குடிக்கப் போயிருந்தால் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னிடம் எதற்கடி சாட்சி என்று ஒருமுறை கத்திவிட்டேன். "எனக்கே ஒரு சாட்சி வேணும் போல இருக்குடி" என்றாள். அவள் கலக்கவில்லை என்பது அவளுக்கே சந்தேகமாகிக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை அவளைச் சிறுவாச்சூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். காளி கோயிலில் நல்ல கூட்டம். வரிசையில் கொஞ்ச தூரத்துக்கு வழுவழுவென்று எவர்சில்வர் குழாய் போட்டிருந்தார்கள், அங்கே ஆட்கள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். சுவரை ஒட்டிப் போகிற இடம் வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. கையில் மிச்சமிருக்கும் சந்தனத்தையும் குங்குமத்தையும் சுவரில் தடவாமல் நம் ஆட்களுக்குக் கால் நகராது. ஒருத்தர் நின்று தடவினால் பின்னால் ஊரே நிற்கும். பிறகு ஒரு தள்ளு, எல்லோரும் முன்னால் போய் விழுவோம். நான் எரிச்சலில் முனகிக்கொண்டிருந்தேன். அவள் துப்பட்டா அந்தச் சுவரில் உரசி மஞ்சளாகிவிட்டது. அந்த நேரத்தில் எங்களுக்கு ஞானோதயம் எதுவும் உண்டாகவில்லை. பொங்கலை வாங்கித் தின்றுவிட்டு பஸ் ஏறினோம்.

மறுநாள் காலையில் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள்.

"துப்பட்டாவைத் துவைச்சேன்டி. கறை போயிருச்சு. ஆனா கைய வச்சா நறநறங்குது."

"இதைச் சொல்லவா போன் பண்ணுன?"

"கண்ணுக்குத் தெரியலை, கைக்குத் தெரியுது. நம்ம அச்சுல இப்படி ஏதாச்சும் ஒட்டியிருந்துச்சுன்னா?"

"அச்சுக்கு யாருடி சந்தனம் வச்சா? அது அலமாரியில பூட்டியில்ல கெடந்துச்சு?"

"அது எனக்குத் தெரியாது. நீ கெளம்பி வா."

மைக்ராஸ்கோப்பில் நாங்கள் எப்போதும் கண்ணாடிப் பக்கத்திலிருந்து, கால்வாயின் தரையை ஒட்டித்தான் பார்ப்போம். அங்கேதான் படம் தெளிவாக விழும். கால்வாயின் கூரையை யாரும் பார்த்ததில்லை. அன்று அவள், முன்பே உரித்து இன்னும் ஒட்டாமல் வைத்திருந்த ரப்பரை மல்லாக்கப் போட்டுக் கூரையைப் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். பெரியம்மை வந்த முகம்போல ஒரே குழி. எங்கள் உருண்டை ஒன்று வசதியாக உட்கார்ந்துகொள்ளும் அளவுக்குக் குழி. ஒன்று உட்கார்ந்தால் அடுத்தது அதில் இடிக்கும், அதற்கடுத்தது இதில் இடிக்கும். பிறகு எங்கே வழுக்குவது? சிறுவாச்சூர்ச் சுவர்தான்.

சாரிடம் போய் அச்சைக் கேட்டோம். வழக்கம்போல எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"சார், ஊத்துறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவ மைக்ராஸ்கோப்புல பாத்துக்கிறோம்" என்றாள். அச்சை வைத்து, வரப்பின் மேல்பக்கத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். தான் பார்த்துவிட்டு நகர்ந்து, அவரைப் பார்க்கச் சொன்னாள்.

சார் குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை. அவர் நிமிர்ந்ததும் நான் குனிந்தேன். வரப்பின் மேல் மஞ்சள் மஞ்சளாகப் பொடி, கெட்டியாகப் பிடித்திருந்தது. நடுவே ஒரு சிவப்புத் துணுக்கு. குங்குமத்தைத் தெரியாதவர்கள் யாரும் எங்கள் லேபில் இல்லை.

"நல்லா சோப்பு போட்டு, பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவுங்க" என்றார். "கழுவிட்டுப் புதுசா ஊத்துங்க."

கழுவினோம், வார்த்தோம், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டினாள். கூழ்மம் பழைய வீடியோவில் போனதுபோலவே, ஒரு தடங்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. சார் "ம்" என்றார். கொஞ்சம் கழித்து, "கதையே சுவர்லதான் இருக்கு போல. இனிமே சுவரைப் பாப்போம்மா" என்றார். 'மேடம்' போய் 'அம்மா' திரும்பி வந்திருந்தது. கமிட்டியில் கையெழுத்தும் போட்டார். ஆனால் தண்ணீர் கலந்தாயா என்று கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அச்சு எப்படிப் பொட்டு வைத்துக்கொண்டது என்பதைப் பற்றியும் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாவி யாருகிட்டடி இருக்கு? நேராப் போயிக் கேக்கறேன் பாரு" என்று கேன்டீனில் குதித்தேன்.

"உக்காரு" என்றாள் அவள். "யாருன்னு எனக்குத் தெரியாதா? கேட்டா அந்த மனுஷனுக்கு என்ன பதில் இருக்கும், சொல்லு."

"உன்னைக் கேட்டாரே, உனக்கு மட்டும் பதில் இருந்துச்சா?"

"அதனாலதான் சொல்றேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீ பேசாம டீயைக் குடி."

நான் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு வந்த காலம்தான் அந்த லேபில் எங்களுடைய நல்ல காலம். இப்போது நினைத்தாலும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருக்கிறது. தெரியாமல் வந்த சொரசொரப்பை இப்போது வேண்டுமென்றே உண்டாக்கினோம். பல ரகத்தில் பொடிகளைச் சலித்து, அதற்கென்றே செய்து வாங்கிய மலிவான அச்சுகளில் ஒட்டி, கொஞ்சம் சொரசொரப்பு, நல்ல சொரசொரப்பு என்று வகைவகையாகக் கால்வாய் வார்த்தோம். குழி துகளைவிட மிகச் சின்னதாக இருந்தால் கூழ்மம் அதைக் கண்டுகொள்வதே இல்லை, வழுக்கிப் போய்விடுகிறது. குழியும் துகளும் அளவில் ஒத்துப்போனால்தான் வம்பு, சுவரோரம் இருப்பது நின்று நடுவில் இருப்பதையும் இழுத்து நிறுத்துகிறது. கெட்டியாகக் கெட்டியாக அந்த வம்பு பெரிசாகிறது. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு நேரம்தான் ஆகிறது. கண்டுபிடிக்க அவளுக்கு வருஷங்கள் ஆயிற்று. அந்த வருஷங்களில் கரண்ட் போனால் ஓவனைத் திட்டினோம், சாப்பாட்டு நேரத்தில் என் அம்மா கட்டிக் கொடுத்த தக்காளிச் சோற்றுக்குச் சண்டை போட்டோம், ஓவனுக்குள் ரப்பர் வேகும் நேரத்தில் அவள் வீட்டிலிருந்து வந்த முந்திரிப் பருப்பை லேபுக்கு வெளியே படியில் உட்கார்ந்து தின்றோம். சாரும் வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்து கை நீட்டுவார். அப்போதெல்லாம் ஏதோ சொல்ல வருவார் போலிருக்கும். பருப்பு நல்லாருக்கும்மா என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்.

அத்தனைக்கும் நடுவில் அவளுடைய அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. சிரிஞ்சை எடுத்தால் "ஏய், பாத்துக்க." நான் போய் நிற்பேன்.

அவளுடைய வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. கருத்தரங்கக் கூடத்தில் மாணவர்கள், ஆசிரியர்கள், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர். அவளுடைய அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மடியில் எவர்சில்வர் தூக்கை அணைத்தபடி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தூக்கு நிறையத் திரட்டுப்பால். இங்கிலீஷில் நடப்பது அவருக்குப் புரியாது என்று என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருந்தாள். மகள் திரையில் காட்டும் ஒவ்வொரு படத்துக்கும் புரிந்ததுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நன்றாகப் பேசினாள். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியாகத் தேர்வாளர் சிரித்துக்கொண்டே, வழவழப்பான கால்வாயில் ஆரம்பித்த நீங்கள் சொரசொரப்புக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். அவள் இதற்கும் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தாள். அச்சில் தற்செயலாகத் தூசி படிந்திருந்தது என்று சொல்வதாக ஏற்பாடு. என்னிடம் முதல் நாளே ஒப்பித்துக் காட்டி, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் சிரித்தாள்.

அவள் ஆரம்பிப்பதற்குள் முன் வரிசையில் சார் எழுந்துவிட்டார்.

"இதுக்கு நான் பதில் சொல்றேன்" என்றார், தமிழில். "அன்னைக்கு ஆயுத பூஜை. எல்லா மெஷினுக்கும் புள்ளைங்க பொட்டு வச்சிருந்தாங்க. என் அச்சு மட்டும் அலமாரிக்குள்ள கெடந்துச்சு. எனக்கு மனசு கேக்கலை. நானே எடுத்து வச்சேன். வச்சுப் பழக்கமில்ல, அள்ளி அப்பிட்டேன். சாயங்காலம் கைக்குட்டையால தொடச்சு உள்ள வச்சுப் பூட்டினேன், அதோட மறந்தும் போயிட்டேன்."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தேர்வாளரும் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"அப்புறம் ஓட்டம் மாறிப்போச்சு. நான் இவங்களைக் கூப்பிட்டு, நீ தண்ணி கலந்தியான்னு கேட்டேன். பால்காரன் ஊத்துற மாதிரியான்னும் கேட்டேன். இவங்க கலக்கலை. கலந்தது நான், சந்தனத்தை. அது தெரிஞ்ச அன்னைக்கே இவங்ககிட்ட சொல்லியிருக்கணும். எத்தனையோ தடவ வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லலை. இவங்களும் ஒரு தடவகூட என்னைக் கேக்கலை. இன்னைக்கு எல்லாரும் இருக்குற எடத்துல சொல்லிடுறேன்."

உட்கார்ந்துவிட்டார். மேடையில் அவள் மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். இத்தனை நாள் அழாதவளுக்குக் கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. எனக்கு மட்டும் என்னவாம், எதிரில் இருந்ததெல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்த கோபத்தை இந்த மனுஷன் இப்படி ஒரு நிமிஷத்தில் பிடுங்கிக்கொண்டாரே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

பக்கத்தில் அவளுடைய அப்பா என் தோளைத் தொட்டார். முகத்தில் கோபமில்லை, வருத்தமில்லை, வெறும் திகைப்புத்தான்.

"ஏம்மா, தண்ணி கலந்தியான்னு நம்ம புள்ளையையா கேட்டாரு?"

"ஆமாங்கப்பா. அப்ப அவருக்குத் தெரியாதுங்க."

அவர் மடியிலிருந்த தூக்கைக் குனிந்து பார்த்தார். "சாரு நம்ம வூட்டுப் பால் குடிச்சதில்லையாம்மா?" என்றார்.

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எல்லோரும் எழுந்து கைதட்டிக்கொண்டிருந்தபோது, தூக்கை எடுத்துக்கொண்டு, நடுவழியாக நடந்து முன் வரிசைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். அவர் மூடியைத் திறந்து, முதல் விள்ளலைத் தன் கையாலேயே எடுத்துச் சாருடைய கையில் வைத்தார். சார் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். வாயில் போட்டுக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி ஒரு சொட்டு கெடையாதுங்க சார்" என்றார் அவளுடைய அப்பா. கிண்டலாகச் சொன்னாரா, வாடிக்கைக்காரரிடம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சார் அவருடைய ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் தேர்வாளர் அந்தக் கால்வாயை நேரில் பார்க்க வேண்டும் என்றார். எல்லோரும் லேபுக்கு வந்தோம். நான் பழக்க தோஷத்தில் போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் பாட்டிலைத் திறந்து, சிரிஞ்சை நிரப்பி, பம்பில் மாட்டினாள். என்னைக் கூப்பிடவில்லை.